கேஷி: நல்ல ஸ்டாப்பர், ஆனால் நல்ல கோச்சா?

கேள்வி (பிப்ரவரி 11)

ஆப்பிரிக்கக் கால்பந்துக் கோப்பையின் பழைய ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நைஜீரியாவின் ஸ்டீபன் கேஷியை எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஆட்டக்காரராக, ஸ்டாப்பராக (கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்) சரி, ஒத்துக்கொள்கிறேன். கோச்சாக 2013இல் ஆப்பிரிக்கக் கோப்பை எடுத்தது ஒரு குருட்டு அதிர்ஷ்டம், அவ்வளவுதான். டோகோ துரத்தியது, மாலி துரத்தியது, சொந்த நாடே திரும்பத் திரும்பத் துரத்தியது. நல்ல கோச்சை யாராவது இத்தனை தடவை துரத்துவார்களா?

பிப்ரவரி 11, இரவு

துரத்தியது உண்மை. எந்த நேரத்தில் துரத்தினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

டோகோ இதுவரை உலகக் கோப்பைக்குப் போனது ஒரே ஒரு தடவை, 2006இல். கொண்டுபோய்ச் சேர்த்தது கேஷி. 2005 அக்டோபரில் பிராசவில்லில் காங்கோவை 3-2 என்று அவர்கள் மண்ணிலேயே ஜெயித்து இடம் பிடித்தார்கள். அந்த குரூப்பில் யார் இருந்தது தெரியுமா? 2002 உலகக் கோப்பையில் கால் இறுதி வரை போய் பிரான்ஸையே கவிழ்த்த செனகல். அவர்கள் ஊரில் உட்கார்ந்து டிவி பார்த்தார்கள். ஐம்பது லட்சத்துச் சொச்சம் ஜனங்கள் இருக்கிற டோகோ ஜெர்மனிக்கு விமானம் ஏறியது.

ஏறிய விமானத்தில் கேஷி இல்லை. 2006 ஜனவரியில் எகிப்தில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில் டோகோ மூன்று ஆட்டமும் தோற்றது, நட்சத்திரம் அடேபாயோரோடு கோச்சுக்கு முட்டிக்கொண்டது, சீட்டைக் கிழித்துவிட்டார்கள். ஜெர்மன்காரர் ஓட்டோ ஃபிஸ்டர் வந்தார். உலகக் கோப்பையில் போனஸ் தகராறு வெடித்து, முதல் ஆட்டத்துக்குச் சில நாள் முன்னால் அவரும் கோபித்துக்கொண்டு கிளம்பி, பிறகு திரும்பி வந்து... தென் கொரியா, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் மூன்றிடமும் தோல்வி. அப்புறம் 2007இல் டோகோ யாரைக் கூப்பிட்டது? கேஷியைத்தான். 2011இல் மறுபடியும் அவரைத்தான்.

துரத்திவிட்டுத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிற ஆளை மோசமான கோச் என்று சொல்லிவிட முடியாது.

பிப்ரவரி 12, காலை

ராத்திரி எழுதும்போது அமோடு ஷுஐபு ஞாபகம் வந்தது. அவரைச் சொல்லாமல் கேஷியைப் புரிந்துகொள்ள முடியாது.

நைஜீரியாவை 2002 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற வைத்தவர் அமோடு. அவருக்கு உதவியாக இருந்தது கேஷி. மாலியில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில் மூன்றாம் இடம் வந்ததற்காக மொத்தக் கோச்சிங் குழுவையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் இடத்துக்கு! இதே அமோடு 2010 உலகக் கோப்பைக்கும் தகுதி பெற வைத்தார், அங்கோலாவில் மறுபடி மூன்றாம் இடம், மறுபடி வீட்டுக்கு. தென் ஆப்பிரிக்காவுக்கு ஸ்வீடன்காரர் லாகர்பேக் போனார்.

"எல்லாம் வெள்ளைக்காரன் மோகம்" என்று முடித்துவிடலாம் என்று தோன்றும். 2002இல் அமோடுவுக்குப் பதிலாக வந்த ஒனிக்பிண்டே நைஜீரியர்தான். ஆக அது மட்டுமில்லை. தகுதிச் சுற்றில் வியர்வை சிந்துகிறவன் ஒருத்தன், பெரிய மேடையில் கோட்டு போட்டு நிற்கிறவன் இன்னொருத்தன் என்கிற பழக்கம். கேஷி உதவியாளராக இருந்தபோது பக்கத்தில் நின்று பார்த்ததுதான் நாலு வருஷம் கழித்து டோகோ தலைநகர் லோமேயில் அவருக்கே நடந்தது.

பிப்ரவரி 12, மதியம்

வெளிநாட்டில் எங்கெல்லாம் ஆடினார் என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் கோச்சிங் கதையின் பாதி இதற்குள் இருக்கிறது.

முதலில் ஒன்று. "டெல்டா மாநிலத்தில் பிறந்தார்" என்று ஒரு நண்பர் போட்டிருக்கிறார். பூர்வீகம்தான் டெல்டா, 'இல்லா' (Illah) என்கிற ஊர். பிறந்தது வடக்கே பாவுச்சி மாநிலத்து அசாரேயில், 1962 ஜனவரி 23. படித்தது லாகோஸ், அக்கோக்காவில் இருக்கிற செயின்ட் ஃபின்பார்ஸ் கல்லூரி. ஐரிஷ் பாதிரியார் டெனிஸ் ஸ்லாட்டரி ஆரம்பித்த பள்ளி. பந்துக்குப் பேர்போனது. இன்னொரு நைஜீரிய ஆட்டக்காரர் ஹென்றி நுவோசுவும் அங்கேதான். நம் பக்கம் பங்குச் சாமியார் விசில் ஊதி வளர்த்த டீம்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூழ்நிலையை விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் லாகோஸில் ஏ.சி.பி. வங்கி அணி, பெனின் சிட்டியில் நியூ நைஜீரியா வங்கி அணி. அந்தக் காலத்தில் நைஜீரியாவில் வங்கிகளும் டீம் வைத்திருந்தன, இங்கே ஸ்டேட் பேங்க், ஐ.சி.எஃப்., போர்ட் டிரஸ்ட் வைத்திருந்த மாதிரி. நியூ நைஜீரியா வங்கி 1983, 1984 இரண்டு வருஷமும் மேற்கு ஆப்பிரிக்கக் கிளப் கோப்பையை எடுத்தது. 1984இல் நாட்டு அணியோடு ஆப்பிரிக்கக் கோப்பை ஃபைனல், கேமரூனிடம் 3-1 தோல்வி. ஆள் மேலே மேலே போய்க்கொண்டிருக்கிறார்.

1985இல் நாட்டு அணி முகாமுக்கு நேரத்துக்கு வரவில்லை என்று நைஜீரியக் கால்பந்துச் சங்கம் அவரையும் கூட்டாளிகள் சிலரையும் சஸ்பெண்ட் செய்தது. கிளப்பா நாடா என்கிற பழைய இழுபறி. 23 வயசுப் பையன் என்ன செய்வான்? பஸ் ஏறி ஐவரி கோஸ்ட் போய்விட்டார் என்று எழுதத் தோன்றுகிறது, பஸ்ஸா விமானமா யாருக்குத் தெரியும். ஸ்டாட் டபிஜான், பிறகு ஆப்ரிக்கா ஸ்போர்ட்ஸ். அங்கிருந்து 1986இல் பெல்ஜியத்தின் லோக்கரன். 1987இல் ஆண்டர்லெக்ட்.

ஆண்டர்லெக்ட் அப்போது லேசுப்பட்ட இடமில்லை. 1988, 1989 பெல்ஜியக் கோப்பை, 1991 லீக் பட்டம். நடுவில் 1990 மே மாதம் கோத்தன்பர்கில் கோப்பை வென்ற கிளப்புகளின் ஐரோப்பியக் கோப்பை ஃபைனல். சாம்ப்டோரியாவிடம் கூடுதல் நேரத்தில் 2-0 தோல்வி, இரண்டும் வியாலி. அந்த ஃபைனலில் ஆண்டர்லெக்ட் தடுப்பில் நின்றவர் கேஷி. பிறகு பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க், மறுபடி பிரஸ்ஸல்ஸ், அமெரிக்காவில் சாக்ரமென்டோ, கடைசியாக மலேசியாவில் பெர்லிஸ்.

அவருக்குப் பின்னால் பெல்ஜியத்துக்கு வந்த நைஜீரியர்களைப் பாருங்கள்: இக்பேபா, ஒலிசே இருவரும் லியேஜ், அமோகாச்சி புரூஜ், ஒசோண்டு ஆண்டர்லெக்டுக்கே. எல்லாரையும் அவரே கூட்டிவந்தார் என்று சொல்லவில்லை. கேஷி ஆடிக் காட்டிய பிறகு லாகோஸ் பையன் என்றால் பெல்ஜியக் கிளப்புகள் ஃபோனை எடுத்தன. சங்கம் கொடுத்த தண்டனை அங்கே கொண்டுபோய் விட்டது.

இன்னொன்று: அபிஜான், பிரஸ்ஸல்ஸ், ஸ்ட்ராஸ்பர்க் என்று சுற்றியதில் பிரெஞ்சு கைவந்தது. டோகோவும் மாலியும் பிரெஞ்சு புழங்கும் நாடுகள். மொழி தெரியாத நைஜீரியக் கோச்சை அங்கே வாசல்படி ஏற விட்டிருப்பார்களா என்பது சந்தேகம்.

பிப்ரவரி 13

பெர்லிஸ் என்றதும் மலேசியத் தமிழர் ஒருவர் "எங்க ஊர்லயா!" என்று ஆச்சரியப்பட்டிருக்கிறார். ஆமாம் ஐயா, உங்க ஊர்லதான், 1997-98. ஆப்பிரிக்கக் கோப்பையைத் தூக்கிய கேப்டன் கங்காரில் லீக் ஆடியிருக்கிறார். பழைய டிக்கெட், போட்டோ ஏதாவது வீட்டுப் பெரியவர்களிடம் இருந்தால் இங்கே போடுங்கள், புண்ணியமாகப் போகும்.

அவருக்குப் பட்டப்பெயர் பிக் பாஸ். சிரிக்காதீர்கள்.

பிப்ரவரி 14

இன்று கொஞ்சம் சொந்தக் கதை.

நான் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் பந்து) ஆடி வளர்ந்தவன், ஸ்டாப்பர். ஸ்டாப்பராக நிற்கிறவனுக்கு முழு மைதானமும் கண்ணுக்கு முன்னால். ஃபார்வர்டு கோல் போஸ்ட்டைத்தான் பார்க்கிறான். விங்கர் கோட்டைப் பார்க்கிறான். ஸ்டாப்பர் தன் ஆட்களின் முதுகைப் பார்க்கிறான். யார் மூச்சு வாங்குகிறான், யார் பயந்துபோயிருக்கிறான், யார் வேண்டுமென்றே திரும்பி ஓடிவரவில்லை, எல்லாம் முதுகிலேயே தெரியும். கத்திக்கொண்டே இருப்போம். ஆட்டம் முடிந்தால் காலைவிடத் தொண்டைதான் அதிகம் வலிக்கும்.

கேஷி பத்து வருஷத்துக்கு மேல் நைஜீரியாவின் ஸ்டாப்பர், பெரும்பாலும் கேப்டன். என் கட்சி இதுதான்: அவர் கோச் ஆனபோதும் கேப்டன் வேலையைத்தான் தொடர்ந்து செய்தார். அவருடைய நல்லதும் கெட்டதும் இரண்டுமே அதிலிருந்து வந்தவை.

ஒரு உதாரணம், இதை எத்தனை பேர் கவனித்தார்கள் என்று தெரியவில்லை.

1994 ஏப்ரல், டூனிஸ். ஆப்பிரிக்கக் கோப்பை ஃபைனல், எதிரே ஜாம்பியா. முந்தைய வருஷம் கபோன் கடலில் விமானம் விழுந்து கிட்டத்தட்ட மொத்த அணியையும் பறிகொடுத்து, புதிதாகக் கட்டி எழுப்பிய ஜாம்பியா. உலகமே அவர்கள் பக்கம். அமுனேகே இரண்டு கோல், நைஜீரியா 2-1. கேஷி அந்த ஃபைனலில் ஆடவில்லை. வயசு 32, கோச் வெஸ்டர்ஹோஃப் அவரை பெஞ்சில் வைத்திருந்தார், களத்தில் உச்சே ஒகேச்சுக்வு கேப்டன் பட்டை கட்டியிருந்தார். ஆனால் கோப்பையைத் தூக்கியது கேஷி.

2013 பிப்ரவரி 10, ஜோகன்னஸ்பர்க், சாக்கர் சிட்டி. இப்போது கேஷி கோச். அணியின் கேப்டன் ஜோசப் யோபோ, அவரும் ஸ்டாப்பர், வயசு 32. போட்டியின் நடுவிலேயே அவரை உட்கார வைத்துவிட்டு, 19 வயது ஓமெருவோவையும் உள்ளூர் லீகில் ஆடுகிற ஓபோபோனாவையும் நிறுத்திவிட்டார் கேஷி. ஃபைனலும் அப்படியே. 1-0 என்று போய்க்கொண்டிருக்கிறது. கடைசி நிமிஷத்தில் பலகை உயர்கிறது, யோபோ உள்ளே ஓடுகிறார். கேப்டன் பட்டையோடு களத்தில் நின்று விசில் கேட்கட்டும் என்று. கோப்பையை அவர்தான் தூக்கினார்.

வீடியோவில் அந்த மாற்றத்தைப் பாருங்கள். தந்திரம் ஒன்றுமில்லை, பந்தை யோபோ தொட்டாரா என்பதே சந்தேகம். பெஞ்சில் உட்கார்ந்த கேப்டனுக்கு அந்த நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் அந்த மைதானத்தில் கேஷி.

பிப்ரவரி 15

"உணர்ச்சிவசப்படாதீர்கள், 2013 அதிர்ஷ்டமா இல்லையா அதைச் சொல்லுங்கள்" என்கிறார் கேள்வி கேட்டவர். சொல்கிறேன்.

குரூப்பில் புர்கினா ஃபாசோவோடு 1-1, ஜாம்பியாவோடு 1-1. மூன்றாவது ஆட்டத்தில் எத்தியோப்பியாவை 2-0, இரண்டும் கடைசிப் பத்து நிமிஷத்தில் விக்டர் மோசஸ் அடித்த பெனால்ட்டி. இங்கே நிறுத்தினால் உங்கள் கட்சி ஜெயிக்கும். மட்டமான ஆட்டம்தான்.

கால் இறுதியில் ஐவரி கோஸ்ட். ட்ரோக்பா, யாயா தூரே, ஜெர்வினியோ. எல்லாரும் கோப்பையை முன்கூட்டியே அவர்கள் கையில் கொடுத்திருந்த நேரம். நைஜீரியச் சங்கத்து ஆட்கள் ஊர் திரும்ப டிக்கெட்டே போட்டுவிட்டார்கள் என்று அப்போது செய்தி வந்தது. நைஜீரியா 2-1. செமியில் மாலியை 4-1. ஃபைனலில் மறுபடி புர்கினா ஃபாசோ, 40ஆவது நிமிஷம் சண்டே எம்பா: தெறித்து வந்த பந்தைத் தடுப்பாட்டக்காரர் தலைக்கு மேல் தட்டி, தரையைத் தொடும் முன் உள்ளே அடித்தது. நான் நாற்காலியில் இருந்து எழுந்ததில் டீ கொட்டியது, மனைவி திட்டியது தனிக்கதை.

எம்பா யார்? அதுவரை ஐரோப்பாவில் ஆடாத ஆள். அந்த 23 பேரில் ஆறு பேர் நைஜீரிய உள்ளூர் லீக்காரர்கள். ஒடெம்விங்கி, ஒபாஃபெமி மார்ட்டின்ஸ், தாயே தாய்வோ போன்ற பெரிய பெயர்களை ஊரிலேயே விட்டுவிட்டு இவர்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஒடெம்விங்கி டுவிட்டரில் பொரிந்து தள்ளினார். தோற்றிருந்தால் கேஷியை உயிரோடு விட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை: நாக்அவுட்டில் எதிர்ப் பெஞ்சில் இருந்தவர்கள் லமூஷி (பிரெஞ்சு), கார்த்தரோன் (பிரெஞ்சு), ஃபைனலில் பால் புட் (பெல்ஜியம்). அந்தப் போட்டி நடக்கும்போதுதான் கேஷி, வெள்ளைக்காரக் கோச்சுகள் ஆப்பிரிக்காவுக்குக் காசுக்காக வருகிறார்கள், அவர்களுக்குத் தரும் அவகாசத்தை எங்களுக்கு யாரும் தருவதில்லை என்கிற பொருளில் பேசி வம்பில் மாட்டியிருந்தார். பேசிவிட்டு வரிசையாக மூவரையும் ஜெயித்துவிட்டார்.

ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் ஆப்பிரிக்கக் கோப்பை எடுத்தவர்களில் அவர் இரண்டாவது. முதல் ஆள் எகிப்தின் மஹ்மூத் எல் கோஹரி, 1959இல் ஆட்டக்காரர், 1998இல் கோச்.

பிப்ரவரி 15, கொஞ்ச நேரம் கழித்து

ஃபைனல் முடிந்த மறுநாள் ராஜினாமா செய்தாரே, அதை விட்டுவிட்டீர்களே என்று ஒருவர். விடவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். ஆமாம், தென் ஆப்பிரிக்க வானொலி நிகழ்ச்சி ஒன்றில் "விலகிவிட்டேன்" என்றார். கால் இறுதிக்கு முன்னால் தனக்குப் பதில் வேறு ஆளைப் பார்த்தார்கள் என்கிற கோபம். அடுத்த நாள் விளையாட்டு அமைச்சர் வரை பேசி, வாபஸ். கோப்பை கையில் இருக்கும்போது ராஜினாமா செய்வதற்கு ஒரு தில் வேண்டும்.

பிப்ரவரி 18

மூன்று நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கேஷிக்கு வக்கீலாகவே எழுதிக்கொண்டிருக்கிறேனோ என்று ஒரு உறுத்தல். மறுபக்கத்தையும் எழுதுகிறேன்.

அடேபாயோர் விவகாரம். டோகோ தகுதி பெற்றதில் 11 கோல் அந்தப் பையனுடையது, ஆப்பிரிக்கத் தகுதிச் சுற்றிலேயே அதிகம். அப்படிப்பட்டவனோடு பெரிய போட்டியின் நடுவில் மல்லுக்கு நின்றால் நஷ்டம் யாருக்கு? கேப்டன் என்றால் டிரெஸ்ஸிங் ரூமில் சட்டையைப் பிடிக்கலாம், மறுநாள் தோளில் கை போடலாம். இருவரும் ஒரே ஆட்டம் ஆடுகிறார்கள். கோச் சட்டையைப் பிடித்தால் அது அதிகாரம். அந்த வித்தியாசம் கேஷிக்குக் கடைசிவரை முழுசாகப் பிடிபடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் ஒடெம்விங்கியை 2014 பிரேசில் உலகக் கோப்பைக்குத் திரும்ப எடுத்தார். டுவிட்டரில் அத்தனை ஏச்சு வாங்கிய பிறகும். குயபாவில் போஸ்னியாவுக்கு எதிராக எமெனிகே வலது பக்கம் ஸ்பாஹிச்சைத் தோளால் தள்ளிக்கொண்டு போய்ப் பந்தைப் பின்னால் தர, ஒடெம்விங்கி உள்ளே அடித்தார். 1-0. (அதற்கு முன்னால் ஜெகோ அடித்த நல்ல கோலை ஆஃப்சைடு என்று ரத்து செய்தார்கள். அதிர்ஷ்டம் என்று சொல்ல விரும்பினால் அங்கே சொல்லுங்கள், மறுக்க மாட்டேன்.) அந்த வெற்றிதான் நைஜீரியாவைக் கடைசி 16க்குக் கொண்டுபோனது. உலகக் கோப்பையில் நாக்அவுட் சுற்றுக்கு அணியைக் கொண்டுபோன முதல் ஆப்பிரிக்கக் கோச் கேஷி. பிரான்ஸிடம் 2-0 தோல்வி. இரண்டாவது கோல் பாவம், யோபோவின் காலில் பட்டுச் சொந்த வலைக்குள் போனது.

அதற்குப் பிறகு நடந்தது கேலிக்கூத்து. ஒப்பந்தம் முடிந்தது, விலகினார், திரும்ப வந்தார். 2015 ஆப்பிரிக்கக் கோப்பைத் தகுதிச் சுற்றில் காங்கோவிடம் சொந்த மண்ணிலேயே 3-2, சூடானிடம் 1-0. அக்டோபரில் நீக்கினார்கள். அமோடு வந்தார், அதே அமோடு! நாற்காலி சூடாவதற்குள் அதிபர் தரப்பு தலையிட்டுக் கேஷியைத் திரும்பக் கொண்டுவந்தது. உயோவில் தென் ஆப்பிரிக்காவோடு 2-2 டிரா, நடப்புச் சாம்பியன் வெளியே. 2015 ஏப்ரலில் மறுபடி ஒப்பந்தம், ஜூலையில் மறுபடி நீக்கம். ஐவரி கோஸ்ட் வேலைக்கு மனுப் போட்டார் என்று குற்றச்சாட்டு, அவர் மறுத்தார்.

இந்தக் கடைசி ஒரு வருஷத்துக்குச் சங்கத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிரேசிலில் இருந்து வந்ததும் கும்பிடு போட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். அவருக்கு மைதானத்தை விட்டு வெளியே வரத் தெரியாது.

பிப்ரவரி 19

மாலியைப் பற்றி யாருமே கேட்கவில்லை. உலகக் கால்பந்திலேயே பைத்தியக்காரத்தனமான ஆட்டங்களில் ஒன்று அது.

2010 ஜனவரி 10, லுவாண்டா, ஆப்பிரிக்கக் கோப்பையின் முதல் ஆட்டம். மாலி கோச் கேஷி. 79ஆவது நிமிஷம் வரை அங்கோலா 4, மாலி 0. கெய்தா ஒன்று, 88இல் கனூட்டே ஒன்று, கூடுதல் நிமிஷங்களில் கெய்தா, யத்தபாரே. 4-4. இதற்கு மேல் விளக்கம் கிடையாது.

அந்த வாரம் அவருக்கு எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். இரண்டு நாள் முன்னால்தான், ஜனவரி 8, கபிண்டாவில் டோகோ அணியின் பஸ்மேல் துப்பாக்கிச் சூடு. உதவிக் கோச்சும் ஊடகப் பொறுப்பாளரும் செத்துப்போனார்கள். கேஷி வளர்த்த அணி, அவர் ஆட வைத்த பையன்கள்.

மாலி கடைசியில் அல்ஜீரியாவோடு சமமாக 4 புள்ளி, நேரடி ஆட்டத்தில் தோற்றதால் வெளியே. மலாவியிடம் 3-0 அடிவாங்கிய அல்ஜீரியா கால் இறுதிக்குப் போனது. கேஷிக்கு வேலை போனது. வழக்கம்போல.

பிப்ரவரி 22

சம்பளம். இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

2013 கோப்பைக்குப் பிறகு கேஷிக்குப் பட்டம், அபுஜாவில் நிலம், ஒரு தொலைபேசி கம்பெனி முதலாளி கொடுத்த 2 லட்சம் டாலர், மாலை மரியாதை எல்லாம். அதே வருஷம் சங்கம் அவருக்கு மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி வைத்தது. மேடைக்குக் காசு இருக்கிறது, மாதச் சம்பளத்துக்கு இல்லை. அதே ஆண்டு கான்ஃபெடரேஷன் கோப்பைக்குப் போகும் வழியில் ஆட்டக்காரர்கள் போனஸ் கேட்டு நமீபியாவில் உட்கார்ந்துவிட, அணி பிரேசிலுக்கு லேட்டாகப் போய்ச் சேர்ந்தது. 2014இலும் பிரான்ஸ் ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சியைப் புறக்கணித்தார்கள்.

எனக்கு இதில் ஒரு தனிக் கடுப்பு. எங்கள் பக்கம் ஒரு டோர்ணமென்டில் கப் ஜெயித்தோம். மேடையில் பொன்னாடை, போட்டோ, சாப்பாடு எல்லாம் ஜோர். பேசின காசு மட்டும் வரவே இல்லை. எங்கள் டீமுக்காக ஆட வந்திருந்த ஒரு ஆப்பிரிக்கப் பையன் (மலப்புரம் செவன்ஸ் சீசன் முடிந்து வந்தவன், வாடகை ரூம், விசா தேதி நெருங்குகிறது) எல்லாரிடமும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தான். கமிட்டிக்காரர் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். கடைசியில் நாங்கள் ஆட்டக்காரர்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அனுப்பினோம். கேஷி போனஸ் விஷயத்தில் ஆட்டக்காரர்கள் பக்கம் நின்றார் என்று படிக்கும்போதெல்லாம் அவனுடைய முகம்தான் வரும்.

பிப்ரவரி 23

எப்படி இறந்தார் என்று கேட்டவருக்கு: மனைவி கேட் 2015 டிசம்பரில் புற்றுநோயில் போனார். ஆறு மாசம் கழித்து, 2016 ஜூன் 8 விடியும் முன், பெனின் சிட்டியில் மாரடைப்பு. வயசு 54. அடுத்த சில நாளிலேயே அதே ஊரில் அமோடுவும் தூக்கத்தில் போய்விட்டார். அசாபாவில் இருக்கிற ஸ்டேடியத்துக்குக் கேஷி பெயர் வைத்திருக்கிறார்கள்; 2018இல் ஆப்பிரிக்கத் தடகளப் போட்டி நடந்தது அங்கேதான்.

மார்ச் 2

இழை செத்துவிட்டது என்று நினைத்தேன், "அவர் தலைமுறையில் வேறு யாரும் கோச் ஆகவில்லையா" என்று ஒருவர் எழுப்பிவிட்டார். ஆனார்கள், வரிசையாக.

சியாசியா 2005இல் நைஜீரியாவை 20 வயதுக்குட்பட்ட உலகக் கோப்பை ஃபைனல் வரை கொண்டுபோனார், மெஸ்ஸி இரண்டு பெனால்ட்டி அடித்துக் கெடுத்தார். 2008 ஒலிம்பிக்கில் வெள்ளி. அவருடைய பிற்பாடு சோகம், ஃபிஃபா தடை வரை போனது. அதற்குத் தனி இழை வேண்டும். டூனிஸில் இரண்டு கோல் அடித்த அமுனேகே 2015இல் 17 வயதுக்குட்பட்ட உலகக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார், ஸ்ட்ரைக்கர் ஒசிமென் வெளியே தெரிந்தது அங்கேதான். பிறகு தான்சானியாவை 1980க்குப் பிறகு முதல் தடவையாக ஆப்பிரிக்கக் கோப்பைக்குக் கொண்டுபோனார்.

எனக்குப் பிடித்தது கோல்கீப்பர் எக்போ கதை. அல்பேனியாவில் டிரானா கிளப்புக்கு ஆடியவர், அங்கேயே கோச் ஆகி 2020இல் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஐரோப்பிய நாடு ஒன்றின் முதல் நிலை லீகை ஜெயித்த முதல் ஆப்பிரிக்கக் கோச் என்று அப்போது எழுதினார்கள். அதே நவம்பரில் வேலை போய்விட்டது. அது வேறு விஷயம்.

கொல்கத்தா நண்பருக்கு ஒரு கொசுறு: 1994 உலகக் கோப்பையில் கேஷி கேப்டனாக இருந்த நைஜீரிய அணியில் எமேகா எசெயுகோ என்று ஒருவர். எண்பதுகளில் உங்கள் மைதானத்தில் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடியவர். அந்த உலகக் கோப்பையில் கேஷியே ஆடியது கிரீஸுக்கு எதிரான ஒரே ஒரு ஆட்டம்தான்.

மார்ச் 3

கேஷி ஆட்டக்காரராக எப்படி என்று பார்க்க எந்த வீடியோ என்று கேட்டீர்கள். 1990 சாம்ப்டோரியா ஃபைனல் முழுசாகக் கிடைக்கிறது. வியாலியும் மான்சினியும் எதிரே. 90 நிமிஷம் கோலே கிடையாது, பாதியில் தூக்கம் வரும், காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், பந்து மறுமுனையில் இருக்கும்போது அவர் கை எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பாருங்கள்.